காஜிமார் தெரு: பெயர் பிறந்த கதை

மதுரை பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். கூடலழகர் கோயிலுக்கும் பக்கம்தான். காஜிமார் தெரு என்று தினமும் எத்தனையோ பேர் ஆட்டோக்காரரிடம் சொல்கிறார்கள். அந்தப் பெயருக்குள் இரண்டு ஊர்கள் இருக்கின்றன, பிள்ளைகளே. 'மார்' நம்முடையது. அண்ணன்மார், தாய்மார் என்று மரியாதையாகச் சேர்க்கிறோமே, அதேதான். 'காஜி' மட்டும் கடல் தாண்டி வந்தது. அரபு மொழியில் அதற்கு நீதிபதி என்று பொருள்.

நீதிபதி ஏன் கப்பல் ஏறி வரவேண்டும்? குதிரையிலிருந்துதான் கதையைத் தொடங்கவேண்டும். பாண்டிய நாட்டு வெயிலில் நல்ல போர்க்குதிரை வளர்வதில்லை. ஆகவே பாண்டியர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கினார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே வந்த மார்க்கோ போலோ, குதிரை எந்தெந்தத் துறைமுகங்களிலிருந்து வருகிறது என்று எழுதி வைத்திருக்கிறார். அவற்றில் ஏடன், ஷிஹ்ர் இரண்டும் ஏமன் நாட்டவை. வணிகர்கள் வந்தார்கள், சிலர் இங்கேயே தங்கினார்கள். தங்கினால் கல்யாணம் உண்டு, கொடுக்கல் வாங்கல் உண்டு, ஒருவர் இறந்தால் பாகப்பிரிவினையும் உண்டு. இதையெல்லாம் தங்கள் மார்க்கச் சட்டப்படி தீர்த்துவைக்க, படித்த ஒருவர் வேண்டும். அவர்தான் காஜி. அரபு வணிகர்கள் குடியேறிய ஊர்களில் பள்ளிவாசலும் காஜியும் சேர்ந்தே இருப்பது வழக்கம். பின்னாளில் மதுரைக்கு வந்த மொராக்கோப் பயணி இபின் பதூதாவும் டில்லியிலும் மாலத்தீவிலும் காஜியாக இருந்தவர்தான்.

காஜி சையது தாஜுத்தீன் என்பவர் ஏமனிலிருந்து மதுரைக்கு வந்தார், பாண்டிய மன்னர் நிலம் கொடுத்தார், அதில் எழுந்ததுதான் காஜிமார் பெரிய பள்ளிவாசல் என்று அந்தத் தெருவில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அவர் வழிவந்த காஜிகள் வாழ்ந்த தெரு, காஜிமார் தெரு ஆயிற்று.

இப்போது அந்தச் சொல்லையே கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். அரபியில் 'காஜி' என்று எழுதும்போது நடுவில் ஓர் எழுத்து வரும். நாக்கின் ஓரத்தைக் கடைவாய்ப் பற்களோடு அழுத்தி, அழுத்தமாக 'ள' சொல்லிப் பாருங்கள். ஓரளவு அதன் பக்கத்தில் போய்விடலாம். நம்மவர்கள் அதை ளாத் என்பார்கள். நாம் 'ழ'வுக்குப் பெருமைப்படுவதுபோல, தங்கள் மொழியையே 'ளாத் மொழி' என்று சொல்லி அரபிகள் பெருமைப்படுவார்கள். அந்த ஒலி மற்றவர் வாயில் நிற்பதில்லை. பாரசீகத்திலும் உருதுவிலும் அது 'ஸ' பக்கம் போயிற்று, நாம் 'ஜ' ஆக்கிக்கொண்டோம். இலங்கையில் அதே சொல் 'காதி'. அங்கே முஸ்லிம்களின் மணவிலக்கு வழக்குகள் காதி நீதிமன்றத்துக்குப் போகின்றன.

எல்லாச் சொல்லும் கடல் தாண்டி வந்துவிடவில்லை. எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. உருது பேசுகிறவர்கள் நமாஸ், ரோஜா என்பார்கள். தமிழ் முஸ்லிம்களுக்குத் தொழுகை, நோன்பு. பள்ளிவாசலில் இருக்கும் 'பள்ளி', கீழக்குயில்குடி சமணர் மலையில் துறவிகள் தங்கிய காலத்திலேயே நம்மிடம் இருந்த சொல். வந்தவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள், நாம் காஜியை எடுத்துக்கொண்டோம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் காஜியின் தீர்ப்புச் சொல்லும் வேலை நீதிமன்றங்களுக்குப் போயிற்று. 1864இல் அரசு காஜிகளை நியமிப்பதும் நின்றது. திருமணத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று மக்கள் திண்டாடியதால், 1880இல் காஜிகள் சட்டம் வந்தது. இன்றும் அரசு காஜி உண்டு. நிக்காஹ் தப்தர் என்னும் திருமணப் பதிவேட்டில் மணமகன், மணமகள், சாட்சிகள் பெயரோடு, மணமகன் மணமகளுக்குக் கொடுக்கும் மஹர் எவ்வளவு என்பதும் பதிவாகும். பெண்ணுக்கு மாப்பிள்ளை கொடுப்பது. அது அவளுக்கே சொந்தம்.

பிறை பார்ப்பதும் காஜியோடு சேர்ந்த வேலை. அரபு நாள்காட்டியில் நாள் பிறப்பது அந்தி சாய்ந்ததும்தான், மாதம் பிறப்பது பிறை தெரிந்ததும். 29ஆம் நாள் மாலையில் எல்லாக் கண்களும் மேற்கே இருக்கும். பிறை தெரிந்தது என்று அறிவிப்பு வந்ததும் தெருவே கலகலக்கும். அந்த நேரத்தில் அங்கே நின்று காதைக் கொடுங்கள். ஒருவர் ரம்ஜான் என்பார், ஒருவர் ரமலான் என்பார், பெரியவர் ஒருவர் ரமளான் என்பார். மூன்றிலும் இருப்பது, காஜிக்கு நடுவில் இருக்கிற அதே ளாத்.