அண்ணன் அப்பா ஆன கதை

ஜாவா மொழியில் ஒருவரிடம் வாய் திறக்குமுன், அவர் நமக்கு மேலா கீழா என்று முடிவுகட்டியாக வேண்டும். சமமானவரிடமும் கீழானவரிடமும் பேச ஙோக்கோ நடை. பெரியவர்களிடம் க்ரமா நடை. விகுதி மட்டுமல்ல, சொல்லே மாறிவிடும். சாப்பிடுவது ஙோக்கோவில் ‘மங்கான்’. அதையே பெரிய மனிதர் செய்தால் ‘தஹார்’.

ஜாவாவை ஆண்ட டச்சு அதிகாரிகளுக்கு இது வசதியாகப் போயிற்று. எளிய மக்களிடம் ஙோக்கோவில் பேசினார்கள். பதில் மட்டும் க்ரமாவில் வரவேண்டும். வந்தவர் தரையில் குந்திக் கைகூப்பி, ‘துவான்’, அதாவது எஜமான், என்று விளிக்க வேண்டும். இதைப் பொறுக்காமல் 1917இல் சுரபாயாவில் ‘ஜாவா டீபா’ இயக்கம் எழுந்தது. எல்லோரும் எல்லோரிடமும் ஙோக்கோவே பேசுவோம், ஆண்கள் அனைவரையும் ‘வீரோ’ என்றே அழைப்போம் என்றார்கள். துணிச்சலான முயற்சி, ஆனால் பழக்கம் அசைந்து கொடுக்கவில்லை.

விடிவு இன்னொரு மொழியால் வந்தது. 1928 அக்டோபர் 28 அன்று பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) கூடிய இளைஞர் மாநாடு, பெருந்தொகையினர் பேசிய ஜாவா மொழியை விட்டுவிட்டு, துறைமுகங்களிலும் சந்தைகளிலும் புழங்கிய மலாயை ‘இந்தோனேசிய மொழி’ என ஏற்றது. ஜாவா மொழியில் உள்ளதுபோன்ற சொல்லடுக்குகள் அதில் இல்லை. பெரும்பான்மையினர் தம் மொழிக்காக மல்லுக்கு நிற்காத அந்த முடிவை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

1945இல் விடுதலைப் போர் மூண்டதும் ‘புங்’ என்ற சொல் நாடெங்கும் ஒலித்தது. அண்ணனும் தோழரும் கலந்த விளி அது. குடியரசுத் தலைவர் சுகார்னோ ‘புங் கார்னோ’, துணைத் தலைவர் ஹத்தா ‘புங் ஹத்தா’. குள்ளமான பிரதமர் ஷாரிருக்கோ ‘புங் கெச்சில்’, சின்ன அண்ணன், என்றே பெயர். சங்கிலியை அறுத்துக் கொடி ஏந்தும் ஒரு மனிதனை ஓவியர் அஃபந்தி சுவரொட்டிக்காக வரைந்தார். கவிஞர் கைரில் அன்வர் அதற்குத் தந்த வாசகம் ‘புங், ஆயோ புங்!’ – அண்ணே, வாங்கண்ணே! ஜகார்த்தா தெருக்களில் பாலியல் தொழில் செய்த பெண்கள் வாடிக்கையாளரைக் கூப்பிட்ட குரல் அது என்பார்கள்.

1957இல் யாருக்கும் பொதுவான விளியாக ‘அண்டா’ என்ற புதுச்சொல்லைப் ‘பெடோமான்’ நாளிதழில் ரோசிஹான் அன்வர் அறிமுகப்படுத்தினார். விளம்பரத்திலும் விண்ணப்பப் படிவத்திலும் அது நிலைத்தது, வீட்டுக்குள் நுழையவில்லை. அடுத்து வந்த குடியரசுத் தலைவர் சுகார்த்தோவின் 32 ஆண்டு ஆட்சியில் ‘புங்’ ஒதுங்க, அப்பா என்று பொருள்படும் ‘பாப்பாக்’ அலுவலகங்களை ஆண்டது. 1983இல் சுகார்த்தோவுக்கே ‘வளர்ச்சியின் தந்தை’ என்று பட்டம் சூட்டினார்கள்.

இன்று ஜகார்த்தா போகிறவர்கள் காலையில் ‘செலாமத் பாகி’ என்று வணங்கிவிட்டு, வயதில் மூத்த ஆணை, ‘பாப்பாக்’கின் சுருக்கமாகப் ‘பாக்’ என்றும் பெண்ணை ‘பூ’ என்றும் அழையுங்கள். ‘அண்டா’ வேண்டாம், எட்டி நிற்பதுபோல் இருக்கும்.