குட்டீஸோட கார்ல சம்மர் கேம்பிங்கா? கிளம்புறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

மே மாச லீவுல ஊட்டி, முதுமலை, பந்திப்பூர்னு டென்ட்டும் கையுமா கிளம்புறீங்களா? ஊட்டிக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் நடைமுறை இருக்கு, முன்கூட்டியே எடுத்துடுங்க. பந்திப்பூர் காட்டுச்சாலையில் இரவு 9 முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை. அதனால் இருட்டுவதற்குள் தங்குமிடம் சேர்ந்துடுங்க. அனுமதி பெற்ற இடத்தில் மட்டுமே டென்ட் போடுங்க.

14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு சீட் பெல்ட் அல்லது சைல்டு சீட் அவசியம். மீறினால் 1,000 ரூபாய் அபராதம். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, காலாற நடக்க விடுங்க.

முக்கியமா, 'டீ வாங்கிட்டு வந்துடுறேன்'னு தூங்குற குழந்தையை காருக்குள் தனியா விடாதீங்க. வெயிலில் நிற்கும் காருக்குள் 10 நிமிடத்திலேயே சுமார் 10 டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. குழந்தையின் உடல் பெரியவர்களைவிட வேகமாகச் சூடேறும். தூக்கம் கலைஞ்சா திரும்பத் தூங்க வெச்சுக்கலாம். இறங்கும்போது குழந்தையையும் தூக்கிக்கோங்க!