மலையேறிப் பார்த்தாத்தான் வரலாறு

மதுரையைச் சுத்தி இருக்கிற மலைகளை ரெண்டு விதமா பார்க்கலாம். குவாரிக்காரர் கண்ணுக்கு அது இத்தனை லோடு கல்லு. விவரம் தெரிஞ்சவங்க கண்ணுக்கு ரெண்டாயிரம் வருசத்து ஏடு. இந்த ரெண்டாவது பார்வையை ஊர்சனங்களுக்குக் கொண்டுவந்து சேர்த்ததுல 'பசுமை நடை'க்குப் பெரிய பங்கு உண்டு.

2010-ல யானைமலையை வெட்டிச் சிற்ப நகரமாக்கப் போறதா பேச்சு வந்துச்சு. அந்த மலையிலதான் நரசிங்கப் பெருமாள் குடைவரையும் சமணச் சிற்பங்களும் இருக்கு. ஒத்தக்கடை, நரசிங்கம் பக்கத்து மக்கள் எதிர்த்து நின்னாங்க. அந்தச் சமயத்துலதான் எழுத்தாளர் அ.முத்துக்கிருஷ்ணன் நண்பர்களோட சேர்ந்து இந்த நடையைத் தொடங்கினார். மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை விடியக்காலையில ஒரு மலைக்கோ பழைய ஊருக்கோ கூட்டிட்டுப் போவாங்க. தொல்லியல் துறையில வேலை பார்த்து ஓய்வுபெற்ற சொ.சாந்தலிங்கம் அய்யா கல்வெட்டைக் காட்டி, எழுத்தைப் படிச்சு, சாதாரணத் தமிழ்ல விளக்குவார். குழந்தைகளும் உட்கார்ந்து கேட்பாங்க. அப்புறம் எல்லாரும் ஒண்ணாச் சாப்பிட்டுக் கிளம்புவாங்க. அவ்வளவுதான் நிகழ்ச்சி. மேடை கிடையாது, பொன்னாடை கிடையாது.

இதனால என்ன பலன்னு கேட்கலாம். மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியைப் பாருங்க. ஏழு மலை, எழுபதுக்கு மேல கண்மாய்களும் ஏரிகளும், இருநூறு சுனை உள்ள பூமி. சமணர் படுக்கை இருக்கு, தமிழிக் கல்வெட்டு இருக்கு, பாண்டியர் காலத்துச் சிவன் குடைவரை இருக்கு. அந்தக் கல்வெட்டுல வர்ற ஊர்ப்பேரு நெல்வேலி. குகையைச் செஞ்சு கொடுத்தவர் ஊரு அது. பேரிலேயே நெல்லு இருக்கு பாருங்க! 2022 நவம்பர்ல அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ரெண்டும் சேர்ந்த 193 எக்டேரைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அரசு அறிவிச்சது.

ரெண்டு வருசம் கழிச்சு, 2024 நவம்பர்ல, இதையும் உள்ளடக்கின சுமார் 2,015 எக்டேரை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டுட்டாங்க. கிராமசபைகள் தீர்மானம் போட்டுச்சு. டிசம்பர்ல சட்டமன்றத்துலயும் தீர்மானம் வந்துச்சு. 2025 சனவரி 7-ல விவசாயிகள் மதுரையை நோக்கி நடந்தாங்க. அதே மாசம் 23-ஆம் தேதி ஏலம் ரத்தாச்சு.

போராடி ஜெயிச்சது ஊர்சனங்கதான், அதுல சந்தேகமில்லை. ஆனா அன்னைக்கு அவங்க "எங்க வயலு போயிரும்"னு மட்டும் சொல்லலை. கல்வெட்டு, குடைவரை, சுனை, பறவைன்னு எடுத்துச் சொன்னாங்க. இந்த மலைகளைப் பத்திப் பல வருசமாப் பலரும் நடந்து, எழுதி, பேசி வெச்சது அப்ப கைகொடுத்துச்சு. அதிகாரி முன்னாடி நிக்கும்போது பட்டாவுக்கு இருக்கிற பலம், சில நேரம் பழைய கல்லுக்கும் உண்டு.

நம்ம ஊர்லயும் இதைச் செய்யலாம். கண்மாய் மடைக்கல், சுமைதாங்கி, நடுகல் எதுலயாவது எழுத்து தெரியுதான்னு பாருங்க. தெரிஞ்சா சுண்ணாம்போ பெயிண்டோ அடிச்சுராதீங்க, சுரண்டவும் வேண்டாம். போட்டோ எடுத்து, தாலுகாவுல தெரிஞ்ச தமிழ் வாத்தியார்கிட்டயோ தொல்லியல் துறைகிட்டயோ காட்டுங்க. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போய் அந்தக் கல்லு முன்னாடி உட்கார வைங்க. நாளைக்கு அதைக் காப்பாத்தப் போறவங்க அவங்கதான்.