மடித்து வைத்த கொடி

கண்டி நகருக்கு மேலே, ஹந்தானை மலைச்சரிவில் உள்ள தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு 1990களின் நடுப்பகுதியில் செய்தி சேகரிக்கச் சென்றிருந்தேன். அன்று பெப்ரவரி 4, சுதந்திர தினம். மாலையில் பாடசாலைச் சிற்றூழியர் தேசியக் கொடியை இறக்கினார். ஐம்பதைக் கடந்தவர். கொடி தரையில் படாதவாறு தோளில் ஏந்தி வகுப்பறைக்குள் கொண்டு வந்தார். துணியில் பனி ஈரம் இருக்கிறதா என்று புறங்கையால் தடவிப் பார்த்தார். பின்னர் இரு மாணவரைப் பிடிக்கச் சொல்லி நீளவாக்கில் இருமுறை மடித்தார். பறக்கும் நுனியிலிருந்து கயிறு கட்டும் பக்கம் நோக்கி மெல்லச் சுருட்டிக்கொண்டே வந்தார். சிங்கம் முதலில் உள்ளே மறைந்தது. சுருட்டி முடிந்ததும் வெளியே தெரிந்தவை செம்மஞ்சளும் பச்சையுமே.

"ஒரே கோட்டுல மடிச்சா அந்த எடத்துல நூலு அத்துப் போகும் தம்பி. அதனால ஒவ்வொரு தடவையும் மடிப்ப மாத்திடுவேன்" என்றார்.

அருங்காட்சியகக் காப்பாளர்கள் சொல்வதும் இதுவே. மடிப்பு விழுந்த இடத்தில் இழை முறியும். பழைய பட்டுக்கு அது இன்னும் விரைவாக நேரும். ஆதலால் மடிக்காது உருளையில் சுற்றி, ஒளியும் ஈரமும் அண்டாமல் வைப்பர். சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் 1947 ஆகஸ்ட் 15இல் ஏற்றப்பட்ட 12 அடி நீள, 8 அடி அகலப் பட்டுக் கொடி அங்குள்ள அருங்காட்சியகத்தில் இன்றும் பேணப்படுகிறது. இந்தியாவில் கொடியை மடிப்பதற்கும் முறை உண்டு. காவியையும் பச்சையையும் வெண்பட்டைக்குக் கீழே மடித்து, அசோகச் சக்கரம் மேலே தெரியுமாறு வைப்பர்.

நிற்க. நமது சிங்கக் கொடியின் வரலாறே ஒரு கொடியை வைத்துக் காத்த வரலாறுதான். 1815 பெப்ரவரி 18இல் கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் சிறைப்பட்டான். மார்ச் 2ஆம் திகதி மகுல் மடுவவில் கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. மன்னனின் கொடி வெற்றிச் சின்னமாக இலண்டன் சென்றது. பின்னர் செல்சியிலுள்ள முதிய படைவீரர் இல்லத்தில் அதனைக் கண்டறிந்தவர் ஈ. டபிள்யூ. பெரேரா. சிங்களக் கொடிகள் பற்றிய அவரது ஆய்வைக் கொழும்பு அருங்காட்சியகம் 1916இல் வெளியிட்டது. வென்றவன் பத்திரப்படுத்திய துணியிலிருந்தே தோற்றவன் தன் அடையாளத்தை மீட்டெடுத்தான்.

அக்கொடிக்குரிய மன்னனோ கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட நாயக்கர் மரபினன். வேலூரில் சிறையிருந்து 1832இல் மறைந்தான். அவன் நினைவிடமான முத்துமண்டபம் பாலாற்றங்கரையில் உள்ளது. சிங்கக் கொடியை ஒரே இனத்தின் உடைமையாகப் பேசுவோர் இதனை நினைப்பது அரிது.

1948 ஜனவரியில் அக்கொடியையே சுதந்திர இலங்கையின் கொடியாக்க வேண்டுமெனப் பிரேரித்தவர் மட்டக்களப்பு உறுப்பினர் ஏ. சின்னலெப்பை. எதிர்ப்பு எழுந்ததால் குழு அமைக்கப்பட்டது. தமிழருக்குச் செம்மஞ்சளும் முஸ்லிம்களுக்குப் பச்சையும் பட்டைகளாகச் சேர்க்கப்பட்டன. அவை சிங்கத்தின் சட்டத்துக்கு வெளியே நிற்பதைக் குழு உறுப்பினர் செனட்டர் எஸ். நடேசன் ஏற்கவில்லை. எனினும் 1951 மார்ச் 2ஆம் திகதி கொடி அங்கீகரிக்கப்பட்டது. கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டு அன்றோடு சரியாக 136 ஆண்டுகள்.

இதற்கிடையில் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. கொடியில் செம்மஞ்சள் பட்டை ஏறியபோது, அது யாரைக் குறித்ததோ அவர்களில் இலட்சக்கணக்கானோருக்கு அந்த நாட்டில் குடியுரிமை இல்லை.

ஹந்தானையில் கொடி சுருட்டியவரும் அவர்களுள் ஒருவர். தோட்ட நிர்வாகம் பாடசாலையை நடத்திய காலத்திலேயே வேலையில் சேர்ந்தவர். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே பிரஜாவுரிமை கிடைத்ததாம். அதற்கு முந்திய ஆண்டுகளிலும் இதே கொடியை ஏற்றி, இறக்கி, உலர்த்தி, சுருட்டி வைத்திருக்கிறார்.

"அப்போது உங்களுக்கு மனத்தாங்கல் இல்லையா ஐயா?" என்று கேட்டேன்.

"இருந்திச்சு தம்பி. அதுக்காக ஈரத்தோட மடிச்சு வைக்க முடியுமா? பூஞ்சணம் பிடிச்சிரும். நாளைக்குப் புள்ளைங்க ஏத்தணுமே" என்றார்.

பருத்தித் துணியில் சுற்றி, தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். சாவியை அதிபரிடம் கொடுத்துவிட்டு லயத்துக்கு நடந்தார். அன்று நான் அனுப்பிய செய்தியில் விழாவில் உரையாற்றிய பிரமுகர்களின் பெயர்கள் அனைத்தும் இருந்தன. அவர் பெயர் இல்லை. அந்தப் பிழையை இன்றுவரை நான் மறக்கவில்லை.