இரண்டாகப் போன ஹோல்டால்

ஆவடி மார்க்கெட் பக்கம் ஒரு தையல்காரர் இருந்தார். சட்டை, ஜாக்கெட் எதையும் தொடமாட்டார். லாரித் தார்ப்பாய், கூடாரம், ஸ்டெப்னி உறை என்று முரட்டுத் தையல் மட்டும்தான். ஊரும் அதற்கேற்ற ஊர். 1961-இல் ராணுவ உடைத் தொழிற்சாலை வந்தது. 1965-இல் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்க் வெளியே வந்தது. பச்சை கேன்வாஸைப் பார்க்காமல் அந்த ஊரில் ஒரு தெருவைத் தாண்ட முடியாது. எங்கள் ஹோல்டால் அந்தத் தையல்காரர் கையில் பிறந்தது. துணி எங்கிருந்து வந்தது என்று அப்பாவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஹோல்டால் எப்படி இருக்கும் என்று தெரியாத தலைமுறை வந்துவிட்டதால் கொஞ்சம் விவரிக்க வேண்டும். ஆறடிக்கு மேல் நீளமான கேன்வாஸ். இரு முனையிலும் பை. ஒன்றில் தலையணை, இன்னொன்றில் செருப்பும் அழுக்குத் துணியும். பக்கவாட்டில் மடித்துப் போட இரண்டு மடல்கள். நடுவில் மெல்லிய மெத்தை, போர்வை, எங்கள் விஷயத்தில் ஒரு ரப்பர் ஷீட். தங்கை அப்போது கைக்குழந்தை. எல்லாவற்றையும் சேர்த்துச் சுருட்டி, அப்பா முழங்காலை வைத்து அழுத்த, அம்மா தோல் வாரை இழுத்துப் பக்கிளில் மாட்டுவார். பால் பவுடர் டின், சங்கு, கிரைப் வாட்டர் பாட்டில் எல்லாம் தலையணைக்குள் செருகப்பட்டிருக்கும். உடையாமல் போய்ச் சேருகிற ஒரே இடம் அதுதான் என்பது அம்மாவின் தீர்மானம்.

அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. பக்கத்து வீட்டுக்காரர்கள் மத்திய அரசுத் தொழிற்சாலை ஊழியர்கள். அவர்களுக்கு எல்.டி.சி. என்ற விடுமுறைப் பயணச் சலுகை உண்டு. நமக்கு அது கிடையாது என்பதை அப்பா ஒரு சவாலாக எடுத்துக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். எழுபதுகளின் நடுவில், மே மாத சீசனில், இரண்டு குழந்தைகளோடு ஊட்டி. லாட்ஜ் கட்டுப்படியாகாது. அப்போதுதான் யாரோ அவருக்கு யூத் ஹாஸ்டல் என்று ஒன்று இருப்பதைச் சொன்னார்கள். தலைக்குச் சில ரூபாயில் கட்டில். படுக்கை விரிப்பு நம்முடையது.

இந்த ‘விரிப்பு நம்முடையது’ என்ற ஏற்பாட்டுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1909-இல் ரிச்சர்ட் ஷிர்மன் என்ற ஜெர்மன் பள்ளி ஆசிரியர் மாணவர்களை நடைப்பயணம் கூட்டிப்போனார். வழியில் இடி மழை. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட வகுப்பறையில் வைக்கோலைப் பரப்பிப் பிள்ளைகளைத் தூங்க வைத்தார். விடுமுறையில் காலியாகக் கிடக்கும் பள்ளிகள் எல்லாம் இப்படி இரவுக்குத் திறந்திருந்தால் என்ன என்று அந்த ராத்திரியில் அவருக்குத் தோன்றியது. 1912-இல் அல்டனா ஊர்க் கோட்டையில் நிரந்தர விடுதி. 1932-இல் ஆம்ஸ்டர்டாமில் சர்வதேசக் கூட்டமைப்பு. இந்தியச் சங்கம் 1949-இல் உருவானது. கூரையும் கட்டிலும் விடுதி தரும், மற்றதை நீ சுமந்து வா. பிரிட்டனில் பை போலத் தைத்த பெட்ஷீட்டை ஆளுக்கு ஒன்று கொண்டுவரச் சொன்னார்கள். எல்லாமே தனியாக நடக்கிற, சைக்கிள் மிதிக்கிற, கல்யாணமாகாத இளைஞனை மனதில் வைத்துப் போட்ட திட்டம்.

நம்மூரில் அந்த இளைஞன் எங்கே இருந்தான்? வயசுப் பிள்ளை தோளில் பை மாட்டிக்கொண்டு காரணமில்லாமல் ஊர் சுற்றக் கிளம்பினால், வீட்டில் ஜோசியரைத்தான் கூப்பிடுவார்கள். மலிவான கட்டில் தேவைப்பட்டவர்கள் குடும்பக்காரர்கள். அவர்களுக்கோ சத்திரம் புதிதில்லை. ஒரத்தநாட்டில் சரபோஜி மன்னர் 1802-இல் கட்டிய முக்தாம்பாள் சத்திரம் இருக்கிறது. அரச குடும்பச் சத்திரங்களில் வழிப்போக்கர்களின் குழந்தைகளுக்குப் பால் கொடுத்ததையும், வந்த இடத்தில் பிரசவமான பெண்களைச் சில மாதம் வைத்துப் பார்த்துக்கொண்டதையும் சரபோஜியே கிழக்கிந்தியக் கும்பெனிக்கு எழுதியிருக்கிறார். சென்னை சென்ட்ரலுக்கு எதிரே ராமசாமி முதலியார் சத்திரமும் மூட்டை முடிச்சோடு வந்த குடும்பங்களைப் பார்த்த கட்டடம்தான். ஆக, ஷிர்மனின் விடுதியை அரசாங்கம் இங்கே கட்டிவைத்தபோது, மக்கள் அதைத் தங்களுக்குத் தெரிந்த சத்திரமாகவே எடுத்துக்கொண்டார்கள். விடுதி விதிகளுக்குத்தான் அது தெரியவில்லை.

ஊட்டிக்கான அந்த முதல் பயணத்தில் ஹோல்டால் முதலில் கிழக்கே போனது. ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல், அங்கே நீலகிரி எக்ஸ்பிரஸ். இரவு வண்டி கிளம்பி வில்லிவாக்கம், அம்பத்தூர் தாண்டி, நாங்கள் சாயங்காலம் ஏறிய அதே ஆவடி ஸ்டேஷனை நிற்காமல் கடந்தது. “நம்ம ஸ்டேஷன், நம்ம ஸ்டேஷன்” என்று நான் கத்தியதாகச் சொல்வார்கள். மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974-இல் போயிருந்தது, பலகை போகவில்லை. அந்தக் கட்டையின் மேல் ஹோல்டாலை விரித்தால்தான் முதுகு முதுகாக இருக்கும்.

மேட்டுப்பாளையத்தில் மலை ரயில். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பற்சட்டத்தைக் கவ்விக்கொண்டு, பின்னாலிருந்து தள்ளும் நீராவி எஞ்சினோடு ஏறும் வண்டி. ரப்பர் ஷீட்டையும் மீறி ராத்திரி தங்கை கேன்வாஸை நனைத்திருந்தாள். 46 கிலோமீட்டர் மலையும் அதை ஜன்னலில் பிடித்து உலர்த்திக்கொண்டே போனார் அம்மா. ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடித்தபோதும் கீழே இறங்கவில்லை.

ஊட்டி விடுதியில்தான் சிக்கல். “லேடீஸ் டார்மிட்டரி அந்தப் பக்கம். ஜென்ட்ஸ் இந்தப் பக்கம். சின்னப் பசங்க அம்மாவோட போகலாம் சார்” என்றார் வார்டன். குடும்பம் இரண்டு, ஹோல்டால் ஒன்று. விவாதம் எதுவும் நடக்கவில்லை. அம்மா அதைத் தூக்கிக்கொண்டு போனார். அப்பா ஊட்டிக் குளிரில் ஒரு வேட்டியையும் துண்டையும் போர்த்திக்கொண்டு படுத்தார். லேடீஸ் டார்மிட்டரியில் இரண்டடுக்கு இரும்புக் கட்டில். மேலே படுப்பேன் என்று நான் பிடித்த பிடிவாதத்தில், அம்மா ஹோல்டாலின் இரண்டு வார்களையும் கழற்றிக் கட்டிலின் ஓரத்தில் குறுக்கே கட்டி எனக்கு அணை போட்டார். அதைச் செய்யும்போது எதிர்க் கட்டிலில் இருந்த அம்மாள், தன் பேரனுக்கும் அப்படிக் கட்ட வேண்டும் என்று எங்கள் தலையணைப் பையின் வாரையும் கேட்டு வாங்கிக்கொண்டார். காலையில் குழந்தைப் பாலுக்கு வெந்நீர் கேட்டுச் சமையலறை வாசலில் நின்றவர்கள் எல்லாம் அம்மாமார்கள். இளைஞர்கள் என்று அந்த விடுதியில் எனக்கு ஞாபகம் இருப்பது காவலாளியின் மகன் ஒருவன்தான்.

ஊருக்குத் திரும்பியதும் அப்பா ஹோல்டாலை அதே தையல்காரரிடம் கொண்டுபோய் இரண்டாக வெட்டச் சொன்னார். “பொருளைக் கெடுக்கிறீங்க” என்று அவர் கோபித்துக்கொண்டாராம். பெரிய பாதி லேடீஸ் டார்மிட்டரிக்கு. சின்னப் பாதி, அதாவது செருப்புப் பை உள்ள பாதி, அப்பாவுக்கு. இரண்டுக்கும் தனித்தனி வார், தனித்தனிக் கைப்பிடி. பிறகு மதுரை, திருச்சி, தஞ்சாவூர் விடுதிகளுக்கு எல்லாம் இந்த இரண்டு பாதிகளும் சேர்ந்தே போய், வாசலில் பிரிந்து, காலையில் மறுபடி சந்தித்தன.

ரயிலில் அதன் மவுசு அதற்குள் குறைய ஆரம்பித்திருந்தது. 1977-இல் ரயில்வே அமைச்சரான மது தண்டவதே இரண்டாம் வகுப்புப் படுக்கைகளுக்கு இரண்டு அங்குல மெத்தை போட வைத்தார். சாதாரண மக்களின் முதுகுக்கு இவ்வளவு நன்மை செய்த மந்திரி வேறு யாரும் உண்டா தெரியாது. ஆனால் ஹோல்டாலுக்கு அவர்தான் எமன். சக்கரம் வைத்த பெட்டி வந்தது பின்னால்தான். டார்மிட்டரிக் கட்டில் ஒன்று மட்டும் இன்னும் கொஞ்ச காலம் அதற்கு வேலை கொடுத்தது.

தொண்ணூறுகளில் என் பிள்ளைகளோடு அது போன ஊர், சென்னை. அப்போது நாங்கள் குடியிருந்த அம்பத்தூரிலிருந்து கிளம்பி அடையாறு இந்திரா நகர் யூத் ஹாஸ்டலில் தங்கி, பெசன்ட் நகர் கடற்கரை, கிண்டி சிறுவர் பூங்கா, 1972-இல் ராமுலஸ் விட்டேகர் அங்கே கொண்டுவந்த பாம்புப் பண்ணை என்று காட்டினோம். சொந்த ஊரிலேயே ரூம் போட்டவன் என்று சொந்தக்காரர்கள் இன்னும் சொல்கிறார்கள். சொல்லட்டும். இரண்டு பஸ் மாறி, தூங்குகிற பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ராத்திரி அம்பத்தூர் திரும்பியவனுக்குத் தெரியும், கடலுக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் என்ன பெறும் என்று.

ஜெர்மனியில் பவேரியா மாநில விடுதிகள் 26 வயது தாண்டியவர்களை வெகுகாலம் சேர்த்ததில்லை, 2005 வாக்கில்தான் அந்த விதி தளர்ந்தது. ஆனால் குழந்தையோடு வந்த பெற்றோருக்கு அப்போதும் கதவு திறந்திருந்தது. இதைப் படித்தபோது, ஊட்டி வார்டன் கையில் அப்படி ஒரு விதி இருந்திருந்தால் எங்கள் ஹோல்டால் முழுசாக இருந்திருக்குமே என்று பட்டது. இப்போது பல விடுதிகளில் குடும்ப அறை வந்துவிட்டது. இந்தியச் சங்கம் மணாலியில் குடும்ப முகாமே நடத்துகிறது.

போன வருஷம் அந்த முகாமுக்கு என் மகள் தன் பிள்ளைகளோடு கிளம்பினாள். பரணிலிருந்து பெரிய பாதியை இறக்கிக் கொடுத்தேன். மோந்து பார்த்துவிட்டு, இரண்டு தோல் வார்களை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். மேல் கட்டிலுக்கு வேண்டுமாம். சின்னவன் அவளை மாதிரியே பிடிவாதக்காரன்.

“அப்போ இந்தக் கேன்வாஸ்?” என்று கேட்டேன்.

“பூந்தமல்லி அத்தை சின்னப் பாதியைத் தண்ணி மோட்டாருக்கு மூடி வெச்சிருக்காங்கப்பா. இப்போ ரெண்டாவது போர் போட்டிருக்காங்க. இதையும் கொடுத்துடுங்க.”