மிதிவண்டி நெடும்பயணமும் மரக்காணம் உப்புக்காற்றும்

விழுப்புரம் மாவட்டத்திலுள்ள மரக்காணம் உப்பளங்களுக்குப் பெயர்பெற்ற கடலோர ஊர். சென்னையையும் புதுச்சேரியையும் இணைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை இவ்வழியே செல்கிறது. பெரிய மேடுகள் இல்லாத இச்சாலை மிதிவண்டிப் பயணத்துக்கு ஏற்றது. ஆனால் உப்புக்காற்று வண்டியின் இரும்பை அரிக்கும்.

1888-இல் ஜான் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் நெடும்பயணங்கள் பெருகின. பம்பாயிலிருந்து 1923-இல் புறப்பட்ட அடி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவர் 1928-இல் உலகைச் சுற்றித் திரும்பினர்.

சென்னையில் 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. அக்காலத்துக் கனமான வண்டிகள் பலவற்றில் மட்கார்டு, செயின் கவர், கேரியர் ஆகியவை இருந்தன. செயினைச் சேறும் ஈரமும் எளிதில் தொடவில்லை. இன்றைய ரோடு பைக்குகள் எடை குறைப்பதற்காக இவற்றைக் கைவிட்டன. எனவே கவர் செய்த வேலையைப் பயணியே செய்ய வேண்டியுள்ளது.

உப்பு காற்றின் ஈரத்தை ஈர்த்துத் துருவை விரைவுபடுத்தும். ஆகையால் அன்றாடம் பயணம் முடிந்ததும் வண்டியை நன்னீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்த்தி, செயினுக்கு எண்ணெய் இட வேண்டும். கேரியர் பொருத்த இடமில்லாத வண்டியில் இருக்கைக்குப் பின்னால் பை கட்டலாம். மாற்று டியூப், பஞ்சர் ஒட்டும் பொருள்கள், பம்பு, விளக்கு ஆகியவை கட்டாயம் தேவை. பிரேக் கம்பியில் ஓர் இழை அறுந்திருந்தாலும் புறப்படுமுன் மாற்றிவிட வேண்டும். பேருந்துகள் விரையும் சாலையில் அது உயிர் காக்கும்.