மூலச் சான்றிதழின் ஆயுள்

இணையத்தில் ஒரு கணினி மற்றொன்றோடு அந்தரங்கமாகப் பேச வேண்டுமானால், எதிர்முனையில் இருப்பது உண்மையிலேயே நாம் நாடிய தளந்தான் என்பதற்கு மூன்றாமவர் ஒருவரின் அத்தாட்சி வேண்டும் என்ற ஏற்பாடு, 1995-ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனம் எஸ்.எஸ்.எல். நெறிமுறையை வெளியிட்டது முதல் நடைமுறையில் இருந்து வருகிறது. அத்தாட்சி வழங்குவது விரைவிலேயே பெரும் வர்த்தகமாயிற்று. மார்க் ஷட்டில்வொர்த் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய தாட் என்னும் சான்றிதழ் நிறுவனத்தை 1999-ல் வெரிசைன் ஏறத்தாழ 57½ கோடி டாலருக்கு வாங்கியது என்பதிலிருந்தே அதன் செழிப்பை ஊகித்துக்கொள்ளலாம்.

விலை கொடுத்துச் சான்றிதழ் வாங்க இயலாத சிறு தளங்களின் குறையைத் தீர்க்க முன்வந்த லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் லாப நோக்கற்ற ஸ்தாபனம், 2015 செப்டம்பரில் தன் முதல் சான்றிதழை இலவசமாக வழங்கிற்று. ஆயினும், பிற சான்றிதழ்களுக்கெல்லாம் ஆதாரமாய் நிற்கும் மூலச் சான்றிதழ்களில் எவற்றை நம்புவது என்ற பட்டியல் ஒவ்வொரு கருவியிலும் முன்கூட்டியே பதிந்திருப்பதால், புதிதாய்ப் பிறந்த ஸ்தாபனத்தின் கையொப்பத்தை அன்றைய கருவிகள் ஏற்கவில்லை. ஐடென்ட்ரஸ்ட் என்னும் பழைய நிறுவனம், டி.எஸ்.டி. ரூட் சி.ஏ. எக்ஸ்3 என்ற தன் மூலத்தைக் கொண்டு புதிய ஸ்தாபனத்தின் சான்றிதழுக்குக் குறுக்குக் கையொப்பம் இட்டுக் கைகொடுத்தது. அந்த மூலமோ 2000 செப்டம்பர் 30-ல் உண்டாகி, 2021 செப்டம்பர் 30-ல் காலாவதியாக வேண்டியது.

லெட்ஸ் என்கிரிப்டின் சொந்த மூலமான ஐ.எஸ்.ஆர்.ஜி. ரூட் எக்ஸ்1, ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முற்பட்ட கைபேசிகளில் இல்லை. அக்கைபேசிகள் மூலச் சான்றிதழின் காலாவதித் தேதியைப் பரிசோதிப்பதில்லை என்பதை அனுசரித்து, பழைய மூலத்தின் ஆயுளையும் கடந்து 2024 வரை செல்லக்கூடிய குறுக்குக் கையொப்பம் ஒன்று புதிய மூலத்துக்குப் பெறப்பட்டது. கைபேசிகள் பிழைத்தன, ஆனால் அதே உபாயம் ஓபன்எஸ்எஸ்எல் என்னும் குறியாக்க மென்பொருளின் 1.0.2 பதிப்பை நம்பியிருந்த பழைய சர்வர்களுக்கு வினையாய் முடிந்தது. அப்பதிப்பு, எதிர்முனை அனுப்பிய சான்றிதழ்ச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் பற்றி மேலேறி, காலாவதியான மூலத்தில் போய் முட்டிக்கொள்ளும். புதிய மூலம் கைவசமே இருந்தும் அதை நாடாது.

ஆகவே பழைய மூலம் காலாவதியான அன்று 'சான்றிதழ் காலாவதியாகிவிட்டது' என்ற செய்தியைக் கண்டு பதறிய நிரலாளர்கள், 90 நாள் ஆயுள் கொண்ட தங்கள் சான்றிதழைத் திறந்து பார்த்தபோது, அது முறையாகப் புதுப்பிக்கப்பட்டு, தேதியில் குற்றமற்றதாகவே இருந்தது. கோளாறு தளத்தின் சான்றிதழிலும் இல்லை, அதைப் புதுப்பித்த முறையிலும் இல்லை. இணைப்பைத் தொடுத்த பழைய சர்வரின் பட்டியலில் இருந்தது. சங்கிலி முழுவதையும் வரிசையாக அச்சிட்டு, ஒவ்வொரு கண்ணியும் யாரால் கையொப்பமிடப்பட்டது என்று நிதானமாய்ப் படித்தவர்களுக்கே இது புலப்பட்டது. அவர்கள் கண்ட பரிகாரமும் விசித்திரமானது: புதிதாக எதையும் சேர்க்காமல், ஆயுள் முடிந்த மூலத்தைப் பட்டியலிலிருந்து நீக்கினாலே போதும், மேலே செல்ல வழியற்றுப்போன ஓபன்எஸ்எஸ்எல், தானாகவே புதிய மூலத்திடம் திரும்பிவிடும்.

இவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்கு வேறொரு சுலப மார்க்கம் எப்போதும் திறந்தே இருக்கிறது. சரிபார்ப்பையே நிறுத்திவிடும் ஒற்றை வரி அது. அவ்வரியை எழுதியவுடன் பிழைச்செய்தி மறைகிறது, அதனோடு எதிர்முனையில் இருப்பது யார் என்று அறியும் சக்தியும் மறைகிறது. சான்றிதழ் என்ற ஏற்பாடு எதற்காகத் தோன்றியதோ அந்தப் பயன் முழுவதும் நஷ்டமாகிறது. அவசரத்தில் எழுதப்பட்ட அத்தகைய வரி உங்கள் நிரலில் இன்னும் இருக்குமாயின், அதை இன்றே தேடி எடுத்து அழித்துவிடுங்கள்.